ரசாயனம் இல்லாத தட்டு

ஒரு கேள்விக்கு நான் சொன்ன பதில் தப்பில்லை, ஆனால் அது பதிலே இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஏழெட்டு மாதம் பிடித்தது. எழுதித் தொலைத்தால்தான் மனசு ஆறும் போலிருக்கிறது, அதனால் இந்தப் பதிவு.

பெங்களூருக்கு வெளியே ஒரு சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. மருந்துக் கம்பெனிக்காரர்களும் பூச்சிமருந்துக் கம்பெனிக்காரர்களும் சரக்கை அனுப்புவார்கள், அது மரபணுவைக் கெடுக்குமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். உலகம் முழுக்கச் செய்கிற ஏம்ஸ் சோதனைதான். புதிதாக வருபவர்களிடம் முதல் மாதம் வெளிச் சரக்கைத் தர மாட்டார்கள், தெரிந்த விஷத்தைக் கொடுத்துக் கை பழக்குவார்கள். எனக்கு வந்தது எம்எம்எஸ், முழுப்பெயர் மெத்தில் மீத்தேன்சல்ஃபோனேட். டிஎன்ஏவில் கண்ட இடத்தில் ஒரு மெத்தில் தொகுதியை ஒட்டவைத்துவிட்டுப் போகிற ரசாயனம்.

வேலை கிட்டத்தட்ட சமையல் மாதிரி. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைச் சொந்தமாகத் தயாரிக்க முடியாத சால்மொனெல்லா பாக்டீரியா. தயாரிப்புக்கான மரபணு ஒன்றில் ஒரே ஓர் எழுத்து மாறிப்போனதால் வந்த ஊனம் அது. 45 டிகிரி வெந்நீரில் உருகி நிற்கும் 2 மில்லி அகாரில், அதாவது கடற்பாசிக் கூழில், இந்த பாக்டீரியா 0.1 மில்லி, கூடவே ரசாயனம், ஒரு குலுக்கு, உடனே தட்டில் ஊற்றிச் சுழற்ற வேண்டும். கொஞ்சம் யோசித்துக்கொண்டு நின்றால் பால்கோவா மாதிரி திரிதிரியாக உறைந்துவிடும், அந்தத் தட்டு குப்பைக்குத்தான். அப்புறம் 37 டிகிரியில் இரண்டு நாள். தட்டில் ஹிஸ்டிடின் கிடையாது, அதனால் இதுகள் வளராது. கோடிக்கணக்கில் இருப்பவற்றில் எதற்காவது அந்த மாறிய எழுத்து மறுபடி மாறிச் சரியாகிவிட்டால் அது மட்டும் பெருகி ஒரு வெள்ளைப் புள்ளியாக எழும்பும். புள்ளிகளை எண்ணுவதுதான் சோதனை. ரசாயனம் போட்ட தட்டில் புள்ளி கூடினால் அது மரபணுவைத் தொடுகிற சரக்கு.

இரண்டு ரக பாக்டீரியாவில் போட்டிருந்தேன். டிஏ1535 என்ற ரகத்தில் ஒரு தட்டுக்குப் பத்து, பதினைந்து, இருபது புள்ளி. ரசாயனம் போடாத தட்டைவிடக் கொஞ்சம்தான் கூட. டிஏ100 ரகத்திலோ புள்ளிகள் அம்மை போட்ட மாதிரி, ஸ்கெட்ச் பேனாவால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி முடிப்பதற்குள் கழுத்து வலி வந்துவிட்டது. ஒரே புட்டி, ஒரே நாள், ஒரே கை.

எங்கள் பிரிவில் மதுரைப் பக்கத்து அக்கா ஒருத்தர் சீனியர். தட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏன்ப்பா ஒண்ணுல வருது, ஒண்ணுல வரல?" என்றார். பாடப்புத்தகம் படித்த தைரியத்தில், "டிஏ100 அதிக சென்சிட்டிவ் அக்கா" என்றேன். "சென்சிட்டிவ்னா? அதென்ன தெர்மாமீட்டரா?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவர் கிண்டலாகத்தான் கேட்டார், எனக்குத்தான் அது முள்ளாகத் தங்கிவிட்டது.

ஊனமாக்கி வைத்த சாட்சி

புரூஸ் ஏம்ஸ் 1964இல் ஒரு உருளைக்கிழங்கு சிப்ஸ் பொட்டலத்தின் பின்னால் அச்சிட்டிருந்த பட்டியலைப் படித்துவிட்டு, இந்த ரசாயனங்கள் எல்லாம் மரபணுவை என்ன செய்யும் என்று யோசித்ததில் ஆரம்பித்தது இந்தச் சோதனை என்பார்கள். அவர் கையில் ஏற்கெனவே ஹிஸ்டிடின் ஆராய்ச்சிக்காக வளர்த்த சால்மொனெல்லா ரகங்கள் இருந்தன. ஆனால் இயல்பான பாக்டீரியா சரிப்பட்டு வரவில்லை, அது தன்னை நன்றாகப் பார்த்துக்கொள்ளும் பிராணி. அதனால் மேலுறையின் ஒரு பகுதியைக் குறைத்தார்கள், பெரிய மூலக்கூறுகளும் உள்ளே நுழையட்டும் என்று. அடுத்து, அடிபட்ட டிஎன்ஏ துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிது போடுகிற மராமத்து மரபணுவான யுவிஆர்பியை நீக்கினார்கள். நீக்கும்போது பக்கத்தில் இருந்த பயோட்டின் மரபணுவும் சேர்ந்து போய்விட்டது, அதனால்தான் இன்றைக்கும் ஒவ்வொரு தட்டிலும் நாங்கள் பயோட்டின் சேர்க்கிறோம். யாரோ ஐம்பது வருடத்துக்கு முன்னால் வெட்டியது கொஞ்சம் அகலமாகப் போனதற்கு நான் தினமும் ஒரு புட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவு செய்தும் சில சரக்குகள் தப்பித்தன. ஜப்பானில் ஏஎஃப்-2 என்று ஒரு பதப்படுத்தி. 1965இலிருந்து டோஃபுவிலும் மீன் சாசேஜிலும் போட்டுக்கொண்டிருந்தார்கள், நாடே தின்றது. 1973 வாக்கில் அங்குள்ள ஆய்வாளர்கள் ஈ. கோலை பாக்டீரியாவில் பார்த்தபோது அது பலமாக மரபணுவைக் கெடுத்தது, 1974இல் தடை வந்தது. அதே ஏஎஃப்-2 ஏம்ஸின் டிஏ1535இல் ஒன்றும் காட்டவில்லை. கையில் இருந்த சாட்சி ஊமை என்று அர்த்தம். அப்போதுதான் ஏம்ஸ் குழுவினர் டிஏ1535க்குள் ஒரு பிளாஸ்மிடை, அதாவது ஒரு சின்ன டிஎன்ஏ வளையத்தைக் கூடுதலாக ஏற்றினார்கள். பெயர் பிகேஎம்101. அப்படி வந்த ரகம்தான் டிஏ100, அதில் ஏஎஃப்-2 மாட்டிக்கொண்டது. பூசணம் பிடித்த கடலையில் வருகிற அஃப்ளடாக்சினும் இப்படிப் பிளாஸ்மிட் ஏற்றிய ரகங்களில்தான் ஒழுங்காகச் சிக்கியது.

ஆக டிஏ1535ம் டிஏ100ம் அண்ணன் தம்பி. வித்தியாசம் அந்த ஒரு வளையம் மட்டும். இது எனக்கு மனப்பாடமாகத் தெரியும், நேர்முகத் தேர்விலேயே சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அக்காவின் கேள்விக்கு இது பதில் ஆகவில்லை. வளையம் என்ன செய்கிறது? ரசாயனத்தை இன்னும் அதிகமாக உள்ளே இழுக்கிறதா? இல்லை. மராமத்தைக் கெடுக்கிறதா? அதுவும் இல்லை, சொல்லப்போனால் அந்த வளையம் உள்ள பாக்டீரியா புற ஊதா ஒளியில் இன்னும் நன்றாகப் பிழைக்கிறது. நன்றாகப் பிழைக்கிற ஒன்றில் எதற்குக் கூடுதல் சேதம் தெரிய வேண்டும்?

நெகட்டிவ் கன்ட்ரோல்

ஒரு மழைநாள் சாயங்காலம், வண்டி வர நேரமாகும் என்பதால், பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரசாயனம் எதுவும் போடாமல், வெறும் கரைப்பான் மட்டும் ஊற்றிய தட்டுகளின் எண்ணிக்கை. நெகட்டிவ் கன்ட்ரோல் என்போம், யாரும் ஆர்வமாகப் பார்க்காத பத்தி. டிஏ1535: 12, 10, 15. அடுத்த வரி டிஏ100: 128, 141, 119. அடுத்த நாள் தேதி. 9, 14, 11. கீழே 133, 117, 125. பக்கம் பக்கமாக இதே கதை. விரல் தட்டச்சு செய்துகொண்டே போனது, நாலாவது பக்கத்தில் கை நின்றுவிட்டது.

இந்தத் தட்டுகளில் ரசாயனமே கிடையாது. டிஏ100 எதற்கும் 'சென்சிட்டிவ்' ஆக இருப்பதற்கு அங்கே எதுவுமே இல்லை. ஆனாலும் அண்ணனைவிடப் பத்து மடங்கு எழுத்து மாறியிருக்கிறது. அப்படியென்றால் அந்த வளையம் கேட்கிற காது இல்லை. எழுதுகிற கை.

கூடவே இன்னொன்றும் நினைவுக்கு வந்து உறுத்தியது. தட்டில் ஹிஸ்டிடின் இல்லை என்று மேலே சொன்னேன், அது முழு உண்மை இல்லை. உருகிய அகாரில் துளியூண்டு ஹிஸ்டிடின் போடுவோம். தட்டை நுண்ணோக்கியில் பார்த்தால் புள்ளிகளுக்கு நடுவே மூடுபனி மாதிரி ஒரு படலம் தெரியும், அந்தத் துளியை வைத்து எல்லா பாக்டீரியாவும் நாலைந்து தடவை பிரிந்ததன் தடம் அது. அந்தத் துளியைப் போடாவிட்டால் எவ்வளவு விஷம் ஊற்றினாலும் சோதனை சரியாக வராது. ஏன் என்று நான் கேட்டதே இல்லை. ரசாயனம் டிஎன்ஏவில் காயத்தைத்தான் உண்டாக்குகிறது. காயம் வேறு, திடீர்மாற்றம், அதாவது எழுத்து நிரந்தரமாக மாறிப்போவது, வேறு. அந்த டிஎன்ஏவைப் படியெடுக்க உட்காரும்போது காயத்துக்கு எதிரே என்ன எழுத்தைப் போடுவது என்று செல் தடுமாறுகிறதே, அங்கேதான் எழுத்து மாறுகிறது. படியெடுக்கவே இல்லையென்றால் பிழையும் இல்லை.

விட்கினின் நாலு காலனி

1944இல் ஈவ்லின் விட்கின் என்ற மரபியலாளர் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் தன் முதல் சோதனையிலேயே ஈ. கோலைக்குப் புற ஊதா ஒளியை அளவுக்கு மேல் காட்டிவிட்டார். கிட்டத்தட்ட எல்லாம் செத்து நாலே நாலு காலனி, அதாவது பாக்டீரியா பெருகி எழும்பிய புள்ளி, பிழைத்தது. வேறொருவராக இருந்தால் தட்டை வீசியிருப்பார், அவர் அந்த நாலைப் பிடித்துக்கொண்டு பல பத்தாண்டுகள் போனார். அடிபட்ட பாக்டீரியா பிரியாமல் நூல் மாதிரி நீண்டுகொண்டே போவதும், உள்ளே தூங்கிக்கொண்டிருந்த வைரஸ் விழித்துக்கொள்வதும் ஒரே சுவிட்சின் வேலையாக இருக்கலாம் என்று 1967இல் ஊகித்தார். மிரோஸ்லாவ் ராட்மன் என்ற இன்னொரு ஆய்வாளர் 1970 வாக்கில் அதையே விரித்து, டிஎன்ஏ அடிபட்டால் செல் முழுக்க அபாயச் சங்கு ஊதுகிறது, பிழைகளும் அந்தச் சங்கின் பின்விளைவுதான் என்றார். கப்பல்காரர்களின் எஸ்.ஓ.எஸ். என்ற பெயரையும் வைத்தவர் அவர்தான்.

சங்கு ஊதும் விதம் எனக்குப் பிடித்த பகுதி. படியெடுக்கும் இயந்திரம் காயத்தில் முட்டி நின்றுவிட்டால் ஒற்றை இழை டிஎன்ஏ வெளியே தெரியும். ரெக்ஏ என்ற புரதம் அதன்மேல் வரிசையாக ஏறி உட்கார்ந்துகொள்ளும். லெக்ஸ்ஏ என்று இன்னொரு புரதம், அதுதான் நாற்பதுக்கும் மேற்பட்ட மரபணுக்களுக்குப் பூட்டு. அது அந்த ரெக்ஏ வரிசையில் வந்து இடித்தால் தன்னைத் தானே வெட்டிக்கொள்ளும். பூட்டு ஒவ்வொன்றாகக் கழல ஆரம்பிக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் திறக்காது என்பதுதான் அழகு. முதலில் வருபவை ஒழுங்கான மராமத்துக்காரர்கள். வெட்டி எடுத்து, எதிர் இழையைப் பார்த்துச் சரியாக நிரப்புவார்கள். 'இப்போது பிரியாதே, பொறு' என்று செல்பிரிவை நிறுத்துகிற புரதமும் வரும். அரை மணி நேரம் தாண்டியும் சங்கு நிற்காவிட்டால்தான் கடைசி ஆளைக் கூப்பிடுவார்கள்: பாலிமரேஸ் ஐந்து. காயமோ வெற்றிடமோ, எதிரே ஏதாவது ஓர் எழுத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடும் படியெடுப்பான். ஈ. கோலை சாதாரண நாளில் சரிபார்ப்பெல்லாம் முடிந்தபின் நூறு கோடி எழுத்துக்கு ஒரு தப்புகூட விடாது. இந்த ஆள் ஆயிரம், பத்தாயிரம் எழுத்துக்கு ஒன்று விடுவான். ஆனால் வண்டி நகரும். நின்றால் சாவு.

1977இல் ஜப்பானில் கட்டோவும் ஷினோராவும் ஒரு விநோதமான ஈ. கோலையைப் பிரித்தெடுத்தார்கள். புற ஊதா ஒளியில் அடிபடும், சாகும், ஆனால் எழுத்து மட்டும் மாறாது. 'மாறாதது' என்ற பொருளில் உமு என்று பெயர் வைத்தார்கள். கெட்டுப்போயிருந்த அந்த உமு மரபணுதான் பாலிமரேஸ் ஐந்தைத் தருவது என்று 1990களின் கடைசியில்தான் உறுதியானது. காயம் அப்படியே இருக்கிறது, எழுதுகிறவன் இல்லை, அதனால் பிழையும் இல்லை. எம்எம்எஸ் மாதிரியான ரசாயனங்களுக்கும் பெரும்பாலும் இதே வாசல்தான். சால்மொனெல்லாவிடமும் உமு உண்டு, என்ன, கொஞ்சம் மந்தம். பிகேஎம்101 வளையத்தில் இருப்பது அதே குடும்பத்து மரபணு, மக் என்று பெயர், வேலையில் சுறுசுறுப்பு. ஏம்ஸிடம் ஆராய்ச்சி செய்துவிட்டுப் போன கிரகாம் வாக்கர் பிற்பாடு இதை நோண்டி எடுத்தார். ஆக டிஏ100இல் நாங்கள் குடிவைத்திருப்பது கறாரான கணக்குப்பிள்ளையை அல்ல, அவசரத்தில் கிறுக்குகிற குமாஸ்தாவை. அவன் கிறுக்கலைத்தான் 'இந்த ரசாயனம் ஆபத்து' என்று அறிக்கையில் எழுதுகிறோம்.

அப்படியானால் ரசாயனம் நிரபராதியா

இரண்டு நாள் இந்த நினைப்பிலேயே மிதந்தேன், 'ரசாயனம் காயம் மட்டும்தான், பிழையை எழுதுவது செல்தான்' என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு. அக்காவிடமும் போய்ச் சொன்னேன். அவர் அசரவில்லை. "எம்என்என்ஜி போட்டுப் பாரு, அப்புறம் பேசு" என்றார்.

போட்டேன். டிஏ1535, வளையம் இல்லாத அண்ணன், தட்டு முழுக்கப் புள்ளி. எண்ண முடியவில்லை. எம்என்என்ஜியும் மெத்தில் ஒட்டுகிற சரக்குதான், ஆனால் குவானின் எழுத்தின் ஆக்ஸிஜன் மேல் கணிசமாக ஒட்டும். அப்படி ஒட்டின குவானின் வழியை மறிக்காது, வேஷம் போடும். படியெடுக்கிற நல்ல கணக்குப்பிள்ளையே அதை அடினின் என்று நம்பி எதிரே தைமினை வைத்துவிட்டுப் போய்விடுவார். சங்கு ஊத வேண்டியதில்லை, கிறுக்கல்காரனும் வேண்டாம். என் கோட்பாட்டில் பாதி அங்கேயே சாய்ந்தது. ரசாயனத்துக்கு ரசாயனம் கதை வேறு.

இதற்கு பாக்டீரியா வைத்திருக்கும் மறுமொழியும் வேறு. லண்டனில் லியோனா சாம்சனும் ஜான் கெய்ர்ன்ஸும் 1977இல் ஈ. கோலைக்கு எம்என்என்ஜியை முதலில் மிகச் சின்ன அளவில் கொடுத்துப் பழக்கிவிட்டு, பிறகு பெரிய அளவு கொடுத்தார்கள். பழகினவை குறைவாகச் செத்தன, எழுத்தும் மிகக் குறைவாக மாறியது. காரணம் ஏடிஏ என்ற புரதம். அது குவானின் மேல் ஒட்டிய மெத்திலைப் பிடுங்கித் தன் மேல் ஒட்டிக்கொள்ளும், அதோடு அந்தப் புரதத்துக்கு அந்த வேலை முடிந்தது. கழுவித் திரும்பப் பயன்படுத்த முடியாது. ஒரு காயத்துக்கு ஒரு ஏடிஏ. டிஎன்ஏவின் முதுகெலும்பில் ஒட்டுகிற இன்னொரு வகை மெத்திலை ஏடிஏ வேறொரு இடத்தில் வாங்கிக்கொண்டால் அதுவே சாவியாகி ஏடிஏவின் சொந்த மரபணுவைத் திறந்துவிடும், மேலும் மேலும் ஏடிஏ வரும். காயத்தை எண்ணுவதற்கென்று தனியாக ஒரு ஆள் இல்லை, மராமத்துக்காரரே எண்ணிக்கை. எஸ்.ஓ.எஸ்.ஸில் இருக்கும் பதற்றம் இங்கே கிடையாது, பிழையும் குறைகிறது. இதைப் படித்துவிட்டு 'கொஞ்சம் விஷம் உடம்புக்கு நல்லது' என்று யாராவது ஃபார்வர்ட் செய்வதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், பழகியது அந்த வகை ரசாயனத்துக்கு மட்டும். புற ஊதா ஒளிக்கு அந்தப் பழக்கம் உதவவில்லை.

கஷ்டகாலத்தில் பாக்டீரியா வேண்டுமென்றே தன்னை மாற்றிக்கொள்கிறது, பரிணாமத்தை முடுக்கிவிடுகிறது என்று எழுதுபவர்கள் உண்டு, ராட்மனுக்கே அந்தப் பக்கம் சாய்வு உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. வீடு தீப்பிடித்தபோது ஜன்னல் வழியாகக் குதித்தவன் கால் உடைந்தால், கால் உடைக்கத்தான் குதித்தான் என்போமா? ஆனால் உடைந்த கால் எதிராளிக்குப் பிரச்சினை ஆகலாம், அது வேறு விஷயம். 2005இல் அமெரிக்காவில் ரோம்ஸ்பெர்க் குழுவினர் லெக்ஸ்ஏ பூட்டு வெட்டுப்படாதபடி மாற்றிய ஈ. கோலையை எலிகளில் விட்டு சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்துப் பார்த்தார்கள். பூட்டு கழலாத பாக்டீரியாவால் அந்த மருந்துக்கு எதிர்ப்பை உருவாக்கிக்கொள்ள முடியவில்லை. இதைப் படித்த அன்று, மூன்று நாளில் காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திய என் கல்லூரிக் காலம் ஞாபகம் வந்தது.

பெரியம்மாவின் டை

இதற்கிடையில் ஊரிலிருந்து பெரியம்மா போன். "ஏன்டா, நான் பூசுற டை கேன்சர் வரும்ங்கிறாங்களே, நீ அங்க அதைத்தானே பாத்துக்கிட்டிருக்க?" 1975இல் ஏம்ஸ் குழு கடைகளில் விற்ற 169 தலைச்சாயங்களைப் போட்டுப் பார்த்ததில் 150 பாக்டீரியாவில் திடீர்மாற்றம் காட்டின. அதற்கப்புறம் சில சேர்மங்களைத் தயாரிப்பாளர்களே கைவிட்டார்கள். இதையெல்லாம் சொல்லலாம். ஆனால் அந்தப் புள்ளிகளை எழுதியது மேலுறை குறைந்த, மராமத்து இல்லாத, சில ரகங்களில் கிறுக்கல்காரனும் குடியேறிய சால்மொனெல்லா. பெரியம்மாவின் தோலில் இருப்பது அது இல்லை. நம் செல்களிலும் அந்தக் குடும்பத்துப் படியெடுப்பான்கள் உண்டு. அதில் ஈட்டா என்ற ஒன்று வெயில் காயத்தை எதிரெழுத்து தவறாமல் கடந்துவிடும், அது பிறவியிலேயே இல்லாதவர்களுக்குத் தோல் புற்றுநோய் அதிகம். குமாஸ்தா எல்லா இடத்திலும் வில்லன் இல்லை. இதைப் போனில் எப்படிச் சொல்வது? "அடிக்கடி பூசாதீங்க பெரியம்மா, கையுறை போட்டுக்கோங்க" என்றேன். "இதுக்கா உன்னைப் படிக்க வெச்சோம்" என்று வைத்துவிட்டார்.

போன மாதம் உறைபெட்டியிலிருந்து எடுத்த ஒரு டிஏ100 குப்பியை வளர்த்து, வழக்கமான சரிபார்ப்புக்குப் போட்டோம். அந்த வளையம் ஆம்பிசிலின் எதிர்ப்பையும் சேர்த்துத்தான் சுமக்கிறது, அதனால் ஆம்பிசிலின் வில்லையை நடுவில் வைத்தால் பாக்டீரியா வில்லை ஓரம் வரை வளர்ந்திருக்க வேண்டும். இதில் வில்லையைச் சுற்றி நாலணா அகலத்துக்குச் சுத்தமாக வெறுமை. வளையம் தொலைந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்த பையன், "சார், இது ஆம்பிசிலினுக்கு சென்சிட்டிவ் ஆயிடுச்சு" என்றான். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். குடுவையை ஆட்டோகிளேவுக்கு, அதாவது நீராவியில் கிருமியைக் கொல்லும் பெட்டிக்கு, அனுப்பும் முன்னால் அதில் ஒரு 0.1 மில்லி எடுத்து, ரசாயனம் எதுவும் போடாமல், ஒரு தட்டு ஊற்றி இன்குபேட்டரின் ஓரத்தில் வைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பையனையே எண்ணச் சொன்னேன். ஸ்கெட்ச் பேனாவைத் திறந்தவன் ஒரு நிமிடத்தில் மூடிவிட்டான். 13.